ஸ்டியரிங்கை ஒடித்தால் வருகிற சத்தம்

நன்னிலம்,
பங்குனி 22

அன்பு மகன் சேரனுக்கு,

அம்மா கண்ணாத்தாள் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். நீயும் சுடர்விழியும் பாப்பாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. லத்தீஃபா மகள் தஹ்மீனா வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறாள், உங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாளாம். அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே வடகமும் உளுத்தம் மாவும் இருக்கிறது. மாவை வெயில் படாமல் வை.

படம் தெரிகிற போன் அப்பா சட்டைப் பையில் கிடக்கிறது. நீ அதில்தான் கூப்பிடுகிறாய். நான் பேசும்போது அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பெண்டாட்டி மேல் இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று ஒருநாள் நீ கேலி செய்தாய். ஆசை இருக்கட்டும். அவர் என் முகத்தைப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. அதைப் போனில் சொல்ல முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வண்டிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நாங்கள் தஞ்சாவூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய். "என்னம்மா சத்தம் அது, அரிசி மில்லுக்குள்ள நிக்கிறீங்களா" என்று கேட்டாய். மில் இல்லை, நம் கார்தான். "மெக்கானிக்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். காட்டினோம். அந்தக் கூத்தைக் கேள்.

மாசிக் கடைசியில் இங்கே எல்லாரும் உளுந்து பிடுங்கினார்கள். களம் எல்லாம் வீடாகிவிட்டது, ரோடுதான் களம். செடியை முழங்கால் உயரத்துக்கு ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வருகிற வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று ஓரமாகக் குந்தியிருப்பார்கள். பஸ் ஓட்டிய காலத்தில் உன் அப்பா இதைப் பார்த்தால் எரிந்து விழுவார். இப்போது சொந்தக் காரில் போகும்போது யாராவது "மாமா, இன்னும் ரெண்டு தரம் ஏத்திட்டுப் போங்க" என்று சொன்னால் போதும். முன்னே ஓட்டுவார், பின்னே எடுப்பார், கண்ணாடி வழியாகத் தலையை நீட்டிக் காய் உடைந்ததா என்று பார்ப்பார். நம் தெருவுக்குள் வந்த முதல் கார் அது. உன் தாத்தா தங்கையன் அதே ரோட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அந்த ரோட்டில் அத்தனை தெருக்காரர்களும் இவரைக் கூப்பிட்டு "ஏத்திட்டுப் போங்க" என்றால் மனுஷனுக்குத் தலைகால் புரியாதுதானே. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ராணி மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தண்டெல்லாம் முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. கண்ணுக்குத் தெரிந்ததை அப்பா அரிவாள் விட்டு அறுத்து எடுத்தார். தெரியாதது உள்ளேயே இருந்திருக்கிறது. அதிலிருந்து பிடித்தது சனி. நேர் ரோட்டில் போனால் உம்மென்று ஒரு முனகல். ஸ்டியரிங்கை ஒடித்தால் கட கட கடவென்று எலும்பை உடைக்கிற மாதிரி சத்தம். குடவாசல் திருப்பத்தில் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸோடு எழுந்து நின்று பார்க்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகள் தட்டு தட்டுகிற சத்தத்தோடு குடும்பம் நடத்தியவள் நான். எனக்கே காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா. "வண்டி வெண்ணெய் மாதிரி போகுது பாத்தியா" என்றார்.

முதலில் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

நான் நச்சரித்துத்தான் அப்துல் வஹாப் ஷெட்டுக்குப் போனோம். வஹாப் நல்ல பையன், அப்பாவை அண்ணே அண்ணே என்று சுற்றி வருவான். பஸ் டிரைவராக இருந்தவர் என்று மரியாதை. அதனால் வண்டியை அவன் ஓட்டிப் பார்க்கவே இல்லை. "சத்தம் எப்ப வருதுண்ணே? பிரேக் அடிக்கும்போதா, திரும்பும்போதா, சும்மா போகும்போதேவா?" என்று கேட்டான். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பிரேக் அடிக்கும்போதுதான் தம்பி" என்றார். அவன் பிரேக் கட்டையை மாற்றினான். திரும்பி வரும்போது அதே கட கட. மறுபடி போனோம். இந்த முறை "சைலன்ஸர் மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டார். அவனும் அடியில் படுத்து சைலன்ஸரை முடுக்கிக் கட்டினான். நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் வாயைத் திறந்து இல்லை என்று எப்படிச் சொல்வது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

சேரா, உன் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

கொஞ்சம் மந்தம் என்று நீ நினைத்திருப்பாய். மந்தம் இல்லை. வலது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இடது பக்கம் காதருகே போய்க் கத்தினால் ஏதோ விழுகிறது. தஞ்சாவூரில் காது டாக்டரிடம் போன வருஷமே காட்டினேன். அந்தக் காலத்து பஸ்ஸில் இன்ஜின் பெட்டி டிரைவர் முழங்காலுக்குப் பக்கத்தில்தானே இருக்கும், அந்தச் சத்தத்திலேயே வேலை பார்த்த காது இது, இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார். மெஷின் கொடுத்தார்கள். அது பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது. "செவிட்டு மெஷினை மாட்டிக்கிட்டு ஸ்டியரிங் பிடிச்சா எவன் என்னை நம்பி ஒதுங்குவான்" என்கிறார். ஒரு ஆடு மாடு மேல்கூடப் படாமல் ரிட்டயர் ஆனவர் என்று மாலை போட்டு அனுப்பினார்களே, அந்தப் பெயர் அவருக்குச் சோற்றைவிடப் பெரிது.

பிறகு எப்படி ஓட்டுகிறார் என்று கேட்பாய். நான்தான் அவர் காது. முன் சீட்டில் உட்கார்ந்து வலது கையை அவர் தொடைமேல் வைத்துக்கொள்வேன். பின்னால் ஹாரன் கேட்டால் ஒரு தட்டு. ஆம்புலன்ஸ் என்றால் அழுத்திப் பிடிப்பேன். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அதுவாகவே வந்தது. மெஷின் வேண்டாம் என்பதைத் தவிர, இன்றுவரை அவர் "எனக்குக் காது கேட்கலை" என்று சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. ஊரில் பார்க்கிறவர்கள் புது மாப்பிள்ளை பொண்ணு போகிறார்கள் என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எதிரே இருப்பவர் வாயசைவைப் பார்த்துக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார், அதற்குத்தான் என் முகத்தையே பார்ப்பது. மற்றபடி வீட்டில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டி "சரி சரி" என்பார். அது அவருக்குப் பழகிவிட்டது. பால்காரர் நாளைக்குப் பால் இல்லை என்றாலும் சரி, பக்கத்து வீட்டில் சாவு என்றாலும் சரி.

தஞ்சாவூருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கிறது. என் வயிற்றுக் கட்டிக்கு மருந்து ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான், நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. தலையில் துண்டு கட்டியிருப்பது வெயிலுக்கு. ஆனால் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருக்கிறது. தட்ட வேண்டிய நேரத்தில் தூங்கிவிடுவேனோ என்று பயம். பஸ்ஸில் போகலாம் என்றேன். வாடகைக் கார் வைக்கலாம் என்றேன். "நான் என்ன செத்தா போயிட்டேன்" என்று அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை.

அதனால் நீ ஒரு உதவி செய். நீ சொன்னால் அவர் கேட்பார். காது மெஷினைப் போடச் சொல், இல்லாவிட்டால் சாவியைக் கீழே வைக்கச் சொல். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. பாப்பாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல், போட்டோவில் முடி பரட்டையாக இருக்கிறது.

உன் நல்லதையே நினைத்திருக்கும்
அம்மா


நன்னிலம்,
வைகாசி 11

அன்பு மகன் சேரனுக்கு,

அம்மா எழுதுவது. இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். எத்தனை நாளில் வரும் என்று கேட்டேன், கவுண்டரில் இருந்த பெண்ணுக்கே தெரியவில்லை. சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

போன கடிதம் கிடைத்ததும் நீ என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டாய். "அப்பாகிட்ட பொறுமையா எல்லாத்தையும் பேசிட்டேம்மா, சரி தம்பி பாத்துக்கிறேன்னு சொன்னாரு, நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங் என்று வைத்துவிட்டாய். சேரா, காது கேட்காத மனுஷனிடம் காது கேட்கவில்லை என்று போனில் சொல்லியிருக்கிறாய். அவர் சரி என்று சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்வார். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "பய நல்லா இருக்கான், லீவு கிடைக்கலயாம், வண்டியைப் பத்திதான் கேட்டான்" என்றார். உன்மேல் கோபம்தான் வந்தது. பெற்றவள் என்பதால் மூன்று நாளில் ஆறிவிட்டது. நீயும் என்ன செய்வாய், தூரத்தில் இருக்கிறாய்.

சித்திரையில் வண்டிக்கு ஒரு சின்னக் கீறல் என்று சொன்னேன் அல்லவா. அது கீறல் இல்லை. இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, நடந்ததை எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அன்று மருந்து ஏற்றி முடித்தபோது எனக்கு வாந்தி நிற்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து போகக் கூடாது, படுத்துக்கொண்டு போங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். பின் சீட்டில் அப்பா தலையணை வைத்துப் படுக்க வைத்தார். நான் முனகினால் தனக்குக் கேட்காதே என்று உள்ளே இருக்கிற கண்ணாடியை என் முகம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டார். எனக்கு வாய்திறந்து பேசத் தெம்பு இல்லை. நான் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வருகிற ரோட்டைப் பார்ப்பதற்கு அவருக்கு இருந்தது அந்த ஒரு கண்ணாடியும் ஓரக் கண்ணாடியும்தான்.

வலங்கைமான் தாண்டி, குடவாசலுக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே பாதி ரோட்டுக்கு உளுந்துச் செடி காயப் போட்டு, சுற்றிக் கல் அடுக்கியிருந்தார்கள். அப்பா கல்லில் ஏற்றாமல் இருக்க வண்டியை வலது பக்கம் ஒடித்தார். கட கடவென்று சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே டொம் என்று ஒன்று கேட்டது. எனக்குக் கேட்டது, சேரா. வண்டியில் இன்னும் எதுவோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு மாசமாகக் கேட்டுக் கேட்டு அந்த வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கு அதுவும் இல்லை. நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் ஹாரன் மேல் ஹாரனாகக் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாலைந்து பைக்குகள் விரட்டி வருகின்றன, பையன்கள் கையை ஆட்டிக் கத்துகிறார்கள். நான் எழுந்து அவர் தோளில் அடித்தேன். நிறுத்துங்க நிறுத்துங்க என்று அடித்தேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்க, இந்தா வீடு வந்துட்டு" என்று இன்னும் வேகமாக மிதித்தார்.

அதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள். இடித்துவிட்டு ஓடுகிறான் என்றுதானே நினைப்பார்கள்.

குடவாசல் நெருங்கும் இடத்தில் முன்னால் போய்ப் பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தினார்கள். கதவைத் திறந்து இழுத்தார்கள். சுற்றி நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் வாயைப் பார்ப்பார் அவர்? "பொண்ண இடிச்சுட்டு ஓடுறியா" என்று ஒருவன் கேட்டான். "சரி தம்பி சரி" என்றார். "குடிச்சிருக்கியா" என்று கேட்டான். அதற்கும் தலையை ஆட்டினார். எந்த ஊர், எந்தத் தெரு என்றும் கேட்டார்கள். அவர் சரி சரி என்றே நின்றார். காரைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்ட ஒருவன்தான் நம் தெருப் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு அடி கூடியது. எல்லாம் உன்னைவிடச் சின்னப் பையன்கள். அவர் ஏன் என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அடி வாங்கினார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி ரோட்டில் விழுந்தேன். தலையில் கட்டிய துண்டு அவிழ்ந்துவிட்டது. என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் ஒருவன் அடிப்பதை நிறுத்தினான், பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள். அந்தப் பையனே பாட்டிலில் தண்ணீர் கொடுத்தான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நிதானமாகத்தான் கேட்டார். இடித்தது தெரிந்தும் ஏன் நிற்கவில்லை என்றார். "சார், இவருக்கு" என்று நான் ஆரம்பித்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு இறுக்கமாக அவர் என்னைப் பிடித்ததே இல்லை. இடித்துவிட்டு நிற்காமல் போனதாக ஒப்புக்கொண்டார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜாமீனில் விட்டார்கள். குடிக்கவில்லை என்று மட்டும் ஊதிப் பார்த்து எழுதினார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, உதட்டில் தையல் போட்டதோடு உட்கார்ந்திருந்தவரிடம், ஏன் என்னைச் சொல்ல விடவில்லை என்று சைகையில் கேட்டேன். முதல் தடவையாக அன்றைக்குத்தான் தன் காதைப் பற்றி மறைக்காமல் பேசினார். "செவிடன்னு எழுதிட்டா, அப்புறம் உன்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?" என்றார்.

இடிபட்ட பெண் பெயர் பூமிகா. காலேஜில் படிக்கிறாள். ஸ்கூட்டியில் முந்தப் பார்த்தவளை நம் காரின் பின்பக்கம் இடித்துத் தள்ளி, வாய்க்கால் மதகுக் கட்டையில் அடித்துவிட்டது. தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள் என்று டாக்டர் சொல்கிறார், முன்போல என்று சொல்லவில்லை. நான் பார்க்கப் போனேன். அவள் அம்மா எல்லையம்மாள் நடவு வேலைக்குப் போகிறவள், நம்மைப் போன்ற குடும்பம்தான். முதலில் என்னை வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசட்டும் என்று நின்றேன். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் திட்டவில்லை. "நான் ரொம்ப நேரமா ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேன் ஆத்தா. அவ்வளவு நேரம் அடிச்சதால ஒதுங்கிடுவாருன்னு நம்பித்தான் ஏறினேன்" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை, விளங்காமல்தான் சொன்னாள். அவள் காலைத் தொட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என் நோயைச் சொன்ன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

வண்டியைக் கோர்ட்டில் எழுதிக்கொடுத்து மீட்டதும் வஹாப்தான் போய் எடுத்து வந்தான். அவனே ஓட்டினான், அதனால் ஷெட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போட்டுப் பார்த்தான். கழற்றினால், சக்கரத்துக்குப் போகிற ஆக்ஸில் மேல் போட்டிருக்கிற ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியேறி, உள்ளே உளுந்துத் தண்டும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. பேரிங்கும் போய்விட்டது. கையில் அள்ளிக் காட்டினான். "திரும்பும்போது வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேனேக்கா. அண்ணன் ஏன் பிரேக்குன்னு சொன்னாரு?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே என் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். கையைத் துடைக்கப் போய்விட்டான்.

சத்தம் ஒழிந்தது. இப்போது வண்டி வருவதே தெரியவில்லை. முன்பு அந்தச் சத்தத்தைக் கேட்டாவது எதிரில் இருப்பவர்கள் விலகினார்கள், அங்கன்வாடிப் பிள்ளைகள் ஓரமாக ஓடினார்கள். இப்போது அவருக்கும் கேட்காது, அவர்களுக்கும் கேட்காது. லைசென்ஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. ஆனாலும் காலையில் எழுந்து வண்டியைத் துடைத்து, தண்ணீர் பார்த்து, காற்றுப் பார்த்து வைக்கிறார். போன வாரம் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டேன். அவர் தேடவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. வண்டிக்குள் போய் சும்மா உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். தான் அழுகிற சத்தம் வெளியே கேட்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். எனக்கு மனசு வரவில்லை, சேரா. எனக்காக அவர் செய்ய முடிகிறது அந்த ஒன்றுதான். அதை நானே பிடுங்கினால், நான் இனி பிழைக்கப் போவதில்லை என்று நானே சொன்னதாக எடுத்துக்கொள்வார்.

இப்போது என் விஷயம். கட்டி சாதாரணக் கட்டி இல்லை. கேன்சர். கர்ப்பப்பையில் ஆரம்பித்து மற்ற இடத்துக்கும் போயிருக்கிறது. ஆனி பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை ஆபரேஷன். பெரிய ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். யாராவது பிள்ளைகள் கூட இருக்கிறார்களா என்று கேட்டார், மகன் இருக்கிறான் என்று சொன்னேன். எனக்கு கேன்சர் என்று அப்பாவுக்குத் தெரியும். எந்த அளவுக்கு என்று தெரியாது. டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார், வெளியே வந்து, "என்ன சொன்னாங்க, நல்லாயிடும்னுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், நான்தான் கூட்டிக்கொண்டு வருவேன் என்று இருக்கிறார். போகும்போது நான் முன் சீட்டில் இருப்பேன். எவ்வளவு வலித்தாலும் முழித்துக்கொண்டிருப்பேன், தொடையில் கை இருக்கும், தஞ்சாவூர்வரை ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் ஆகாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். திரும்பி வரும்போதுதான் எனக்குப் பயம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தால் தினமும் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர் தனியாக ஓட்டுவார். நான் இல்லாமல் போய்விட்டால் அன்றைக்கும் அவர்தான் ஓட்டுவார், எனக்குப் பின்னாலேயே, அந்த மனசோடு, அதே வளைவு வழியாக. இன்னொரு வீட்டுப் பிள்ளை ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வரும். எனக்கு ராத்திரியில் தூக்கம் போனது கேன்சரால் இல்லை.

அதனால் வா. போனில் சொல்லாதே, படத்தில் சொல்லாதே. நேரே வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, வாயை நிதானமாகத் திறந்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொல். அவர் சரி என்றதும் எழுந்துவிடாதே. என்ன சொன்னேன் என்று திரும்பக் கேள். அவர் வாயால் சொல்ல வை. அழுவார், கோபிப்பார், உன்னை வீட்டை விட்டுப் போகச் சொல்வார். கையைப் பிடித்துக்கொண்டு இரு. அதன் பிறகு அந்தப் பெண் பூமிகாவிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போ. கோர்ட்டிலும் உள்ளதைச் சொல்ல வை. என்ன தண்டனை கொடுத்தாலும் கொடுக்கட்டும். இடித்துவிட்டு ஓடியவன் என்ற பெயரோடு அவர் இருக்கக் கூடாது. அவர் ஓடவில்லை, அவருக்குக் கேட்கவில்லை.

லீவு கிடைக்காது என்று சொல்வாய். செத்தால் கொடுப்பார்கள் அல்லவா, அதை இப்போதே கேட்டு வாங்கு.

என்னைப் பார்ப்பதற்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னைப் போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். ஆனி பதினைந்துக்கு முன்னால் வந்து, தஞ்சாவூரிலிருந்து உன் அப்பாவைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வா. அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வை.

பாப்பாவுக்கு என் முத்தம். சுடர்விழியை வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்க வேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல், நல்லபடியாக இருக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்
அம்மா